சிடி பிளேயர் பாதித் தட்டுக்கு மேல் திக்குகிறது: லேசர் பிக்கப் போய்விட்டதா, எப்படிக் கண்டறிவது?

இசைவிரும்பி:

வணக்கம். என்னிடம் இருப்பது ஆம்ப்ளிபையருடன் இணைத்துக் கேட்கும் பழைய சிடி பிளேயர். தட்டைப் போட்டதும் தயங்காமல் சுழல்கிறது. பாடல்களின் எண்ணிக்கையும் மொத்த நேரமும் திரையில் சரியாக வருகின்றன. முதல் ஏழெட்டுப் பாடல்கள் குறையே இல்லாமல் ஒலிக்கின்றன. அதற்குப் பிறகுதான் தொல்லை. ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்கிறது, திடீரென்று அடுத்த பாடலுக்குத் தாவுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது. கீறல் விழாத புதுத் தட்டிலும் இப்படித்தான்.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். மூடியைத் திறக்காமலேயே, "லென்ஸ் போய்விட்டது, பிக்கப்பை மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார். லேசரும் லென்ஸும் சேர்ந்து தட்டைப் படிக்கும் பகுதிதான் பிக்கப்பாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றிவிடுகிறேன். ஆனால் எது பழுது என்று தெரியாமல் ஓர் உறுப்பைக் கழற்றிப்போட எனக்கு மனம் வரவில்லை. லேசர் தளர்ந்திருந்தால் முதல் பாதி மட்டும் எப்படிச் சுத்தமாக ஒலிக்கும்? அந்தச் சிறிய லென்ஸ் உள்ளே என்னதான் செய்கிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

திருகாணி:

பிக்கப்பின் பக்கவாட்டில் மிகச் சிறிய பிரிசெட் (திருப்பி அளவை மாற்றும் மின்தடை) ஒன்று இருக்கும். லேசரின் வலுவை அதுதான் தீர்மானிக்கிறது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். திக்கும் பிளேயர்கள் பல இப்படிச் சரியாகிப் பார்த்திருக்கிறேன்.

பற்றாசு:

தயவுசெய்து பிரிசெட்டைத் தொடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஸ்க்ரூடிரைவரே தேவைப்படாத ஒரு சோதனை முதலில் இருக்கிறது.

பிளேயரை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். பிறகு முதல் பாடலிலிருந்து தொடங்காமல், வழக்கமாகத் திக்கும் பாடலுக்கு நேராகப் போங்கள். உடனே திக்கினால் கோளாறு இடத்தைச் சார்ந்தது. அங்கே சுத்தமாக ஒலித்துவிட்டு, முன்பு எடுத்துக்கொண்ட அதே அளவு நேரம் கழிந்ததும் திக்கினால் கோளாறு சூட்டைச் சார்ந்தது. இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. கூடவே கணினியில் எழுதிய தட்டு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். முதல் சில பாடல்கள் அச்சுத் தட்டை (கடையில் வாங்கும், ஆலையில் அச்சிட்ட தட்டை) போலவே ஒலிக்கின்றனவா என்று சொல்லுங்கள்.

ஒளிக்கற்றை:

பற்றாசு சொன்ன சோதனையைச் செய்து முடிப்பதற்குள், உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் உங்கள் கேள்விக்கான பதில் தானாகவே வந்துவிடும்.

பிக்கப்பின் அடியில் இருப்பது லேசர் டையோடு. அது உமிழ்வது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளி முதலில் ஒரு கீற்றணி (மிக நெருக்கமான கோடுகள் கொண்ட மெல்லிய தகடு) வழியாகப் போகிறது. அங்கே ஒரு கதிர் மூன்றாகிறது: நடுவில் வலுவான ஒன்று, இருபுறமும் மெலிந்த இரண்டு. பிறகு சாய்ந்து நிற்கும் ஓர் அரைக்கண்ணாடியில் (ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி, மறு பகுதியை ஊடுருவ விடுவது) பட்டுத் திரும்பி, நீங்கள் மேலே பார்க்கிற அந்த லென்ஸ் வழியாகத் தட்டுக்குள் புகுந்து, தகவல் பதிந்திருக்கும் அடுக்கில் ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியாகக் குவிகிறது.

தட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். கதிர் தட்டின் அடிப்பரப்பில் நுழையும் இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். உள்ளே போகப் போகக் கூம்பிக்கொண்டே போகிறது. பரப்பில் ஒட்டிய தூசித் துகளும் மெல்லிய கீறலும் பெரும்பாலும் தொல்லை தராததற்குக் காரணம் இதுதான்: அவை குவியத்தை விட்டு வெகுதொலைவில் இருக்கின்றன.

தகவல் அடுக்கில் குழிகள் வரிசையாக இருக்கின்றன. லேசர் பார்க்கும் பக்கத்திலிருந்து அவை மேடுகள். தட்டு செய்யப்பட்டிருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55. அதனால் 780 நானோமீட்டர் ஒளி அதற்குள் நுழைந்ததும் அலைநீளம் ஏறத்தாழ 500 ஆகக் குறுகிவிடுகிறது. மேட்டின் உயரம் அதில் கால் பங்கை ஒட்டியது. மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதைச் சுற்றியுள்ள தளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், போகவும் வரவும் சேர்த்து, அரை அலைநீளம் விலகிவிடுகின்றன. ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. திரும்பி வரும் ஒளி மங்குகிறது. குழி என்றால் 0, சமதளம் என்றால் 1 என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது சரியல்ல. குழி தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும்தான் 1. இடைப்பட்ட நீளம் எல்லாம் 0.

திரும்பி வந்த ஒளி அரைக்கண்ணாடியைக் கடந்து ஒளி உணரியில் விழுகிறது. அதன் நடுப்பகுதி நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. வழியில் ஓர் உருளை லென்ஸ் வேண்டுமென்றே படிமத்தைக் கோணலாக்கி வைக்கிறது. சில பிக்கப்களில் சாய்ந்த அரைக்கண்ணாடியே அந்த வேலையையும் செய்துவிடும். குவியம் சரியாக இருந்தால் உணரியில் விழுவது வட்டம். தட்டு லென்ஸை நெருங்கினால் அது ஒரு மூலைவிட்டத்தில் நீண்ட முட்டை வடிவமாகிறது. விலகினால் மற்றொரு மூலைவிட்டத்தில் நீள்கிறது. எதிரெதிர்க் கட்டங்களை இரண்டிரண்டாகக் கூட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் லென்ஸ் மேலே போக வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். நான்கையும் கூட்டினால் இசை. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இது. ஒரே ஒளிப் புள்ளியைக் கழித்துப் பார்த்தால் வழி, கூட்டிப் பார்த்தால் பாட்டு.

இருபுறமும் போன மெலிந்த கதிர்கள் தடத்தின் இரு ஓரங்களையும் தொட்டுக்கொண்டு வருகின்றன. அவற்றுக்குத் தனியே இரண்டு உணரிகள் உண்டு. எந்தப் பக்கத்து ஒளி மாறுகிறதோ அதை வைத்து லென்ஸ் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நகர்கிறது. எல்லாப் பிக்கப்களும் மூன்று கதிர் வகை அல்ல; பிலிப்ஸின் பழைய ஊசலாடும் கை வகை ஒரே கதிரை வைத்துக்கொண்டே தடத்தைப் பிடித்தது.

இதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டியிருக்கிறது பாருங்கள். சுழலும் தட்டு அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அலையலாம். குவியம் பொறுத்துக்கொள்வதோ ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர்தான். தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு இரண்டு வகைக் கம்பிச்சுருள்கள், பக்கத்தில் காந்தங்கள். ஒரு சுருள் மேலும் கீழும் அசைக்க, மற்றொன்று பக்கவாட்டில் அசைக்க. தட்டு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அந்த லென்ஸ் ஒரு நொடிகூட ஓய்வதில்லை.

குவியம், தடம், இசை ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் அதே ஒளிதான். லேசர் தளர்ந்தால் மூன்றும் சேர்ந்து தளரும்.

இசைவிரும்பி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. பலமுறை படித்தேன். சோதனையும் செய்தேன். ஆறிய பிளேயரில் பன்னிரண்டாம் பாடலுக்கு நேராகப் போனால் உடனே திக்குகிறது. அங்கிருந்து முதல் பாடலுக்குத் திரும்பினால் சுத்தமாக ஒலிக்கிறது. வெவ்வேறு தட்டுகளிலும் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தைத் தாண்டிய பகுதியில்தான் தொல்லை. அதைவிடக் குறைவான நேரம் உள்ள தட்டுகள் முழுவதும் ஒலிக்கின்றன. எழுதிய தட்டும் முதல் பாதியில் அச்சுத் தட்டைப் போலவே இருக்கிறது.

பற்றாசு:

அப்படியானால் உங்கள் லேசரைக் குற்றம் சொல்வதற்கில்லை. காரணம் இதுதான்.

தட்டு உள்ளே போனதும் பிக்கப் முழுவதும் உள் ஓரத்துக்கு ஓடி அங்கிருக்கும் சுவிட்சைத் தொடும். லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழும் ஏறி இறங்கிக் குவியத்தைத் தேடும். குவியம் கிடைத்தால்தான் தட்டு வேகமெடுத்துச் சுழலும். பிறகு உள் ஓரத்தில் உள்ள அட்டவணையைப் படித்து, பாடல் எண்ணிக்கையைத் திரையில் காட்டும். லேசர் தளர்ந்த பிளேயர் இந்தப் படிகளிலேயே இடறும். உங்களுடையது எல்லாவற்றையும் தயங்காமல் தாண்டுகிறது.

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. இசை தொடங்கும் இடம் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர், முழுத் தட்டில் முடியும் இடம் 58. நாற்பதாவது நிமிடம் ஏறத்தாழ 46 மில்லிமீட்டரில் வரும். ஆகவே கோளாறு இருப்பது அந்த இடத்துக்கு அப்பால், பிக்கப் சறுக்கிப் போகும் பாதையில்.

லென்ஸுக்கும் பிக்கப்பைத் தாங்கும் ஸ்லெட்டுக்கும் உள்ள உறவு கண்ணுக்கும் கழுத்துக்கும் உள்ள உறவு. பக்கவாட்டில் ஒன்றைப் பார்க்க முதலில் கண் திரும்பும். கண்ணால் எட்டாதபோது கழுத்து திரும்பிக் கண்ணை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். அப்படியே லென்ஸ் தடத்தைத் தொடர்ந்து வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். அதன் சுருளில் உள்ள சராசரி மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ஸ்லெட் மோட்டார் சற்றே அசைந்து, பிக்கப்பை ஒரு மயிரிழை முன்னே தள்ளும். ஸ்லெட் இறுகிப்போயிருந்தால் லென்ஸ் எல்லை வரை சாய்ந்து நிற்கும். சாய்ந்த லென்ஸிலிருந்து திரும்பும் ஒளி உணரியின் நடுவில் விழாது. தடத்துக்கான கணக்கு பிசகிவிடும். ஸ்லெட் திடீரென்று விடுபடும்போது ஒரே தாவலில் பல தடங்கள் தாண்டிப் போகும். நீங்கள் கேட்கும் திக்கலும் குதிப்பும் இவைதான்.

வெளி ஓரத்தில் இது மோசமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தட்டு உள் ஓரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று, வெளி ஓரத்தில் ஏறத்தாழ 200. ஒரு சுற்றுக்கு 1.6 மைக்ரோமீட்டர் என்றால் ஸ்லெட் உள்ளே நிமிடத்துக்கு 0.8 மில்லிமீட்டரும், வெளியே 0.32 மில்லிமீட்டரும் நகர வேண்டும். இவ்வளவு மெதுவாக நகர வேண்டிய இடத்தில் கிரீஸ் இறுகியிருந்தால் ஒட்டுவதும் விடுபடுவதுமாகத்தான் போகும்.

மூடியைத் திறந்து, ஸ்லெட்டை ஓட்டும் பெரிய பற்சக்கரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பாட விடுங்கள். புள்ளி எப்படி நகர்கிறது என்று எழுதுங்கள். உள்ளே மின்சாரம் வரும் பகுதி இருக்கும்; மின்மாற்றிப் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். தட்டு இல்லாமல் இயக்கி, லென்ஸை நேராக உற்றுப் பார்க்கவும் கூடாது. ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது.

திருகாணி:

நல்ல விளக்கம். ஒன்று கேட்கிறேன்: பிரிசெட்டைத் திருப்பிச் சரியானவை இருக்கின்றனவே, அது எப்படி?

பற்றாசு:

சரியாவது உண்மைதான். எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் பிரச்சினை. லேசர் டையோடு அருகிலேயே அதன் ஒளியை அளக்கும் இன்னோர் உணரி இருக்கிறது. டையோடு முதுமையில் மங்கும்போது, சுற்று தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டி ஒளியைப் பழைய அளவில் நிறுத்துகிறது. பிரிசெட் அந்த அளவைத் தீர்மானிப்பது. தொழிற்சாலையில் ஒளிமானி வைத்து அமைத்தது. லென்ஸில் தூசி படிந்திருந்தாலும் அதைத் திருப்பினால் பலன் தெரியும். ஆனால் தூசியைத் துடைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். மறுபுறம், லேசர் டையோடில் தொடக்க வரம்பைத் தாண்டிய பிறகு மின்னோட்டத்தில் சிறு ஏற்றமே ஒளியைப் பெரிதாக உயர்த்திவிடும். அளவு மீறினால் ஒளி வெளிவரும் முகப்பு சிதைந்துவிடும். அதன் பிறகு அது மங்கலாக ஒளிரும் வெறும் டையோடு, லேசர் அல்ல. மீட்க வழியில்லை.

இசைவிரும்பி:

திறந்து பார்த்தேன். புள்ளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கவனித்தேன். முதல் பாடல்களில் புள்ளி சில நொடிகளுக்கு ஒருமுறை, கவனமாகப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு நகர்கிறது. பன்னிரண்டாம் பாடலில் நீண்ட நேரம் அப்படியே நிற்கிறது. பாட்டு சிக்கத் தொடங்குகிறது. பிறகு சக்கரம் துள்ளி, புள்ளி ஒரு பல் அளவுக்குத் தாவுகிறது. பாட்டும் கூடவே தாவுகிறது. நீங்கள் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்.

அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்லெட் சறுக்கிப் போகும் எஃகுத் தண்டின் உட்பாதி பளபளப்பாக இருக்கிறது. வெளிப்பாதியில் கிரீஸ் தேன் நிறத்தில் கட்டியாக ஒதுங்கியிருக்கிறது. விரல் நகத்தால் கீறினால் மெழுகாக வருகிறது.

பற்றாசு:

கிடைத்துவிட்டது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, தண்டில் உள்ள பழைய கிரீஸை முழுவதும் எடுங்கள். பற்சக்கரத்தின் பல்லிடுக்கும், ஸ்லெட்டின் பல்வரிசையும் முக்கியம். அங்கே சிக்கிய ஒரு சிறு துணுக்கே போதும், மறுபடி தடுக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி ஸ்லெட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்திப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. பிறகு பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸை மிக மெல்லிய படலமாகப் பூசுங்கள். பழைய கிரீஸ் மேலேயே புதியதைப் பூசுவதும், கதவுக் கீலுக்குத் தெளிக்கும் எண்ணெயை அடிப்பதும் வேண்டாம். தெளித்தால் லென்ஸ் மேலும் படியும்.

கையோடு லென்ஸையும் துடைத்துவிடுங்கள். முதலில் காற்றுப் பந்தால் ஊதி மணல் துகள்களை நீக்குங்கள். பிறகு ஈரமான பஞ்சுக்குச்சியை, அதன் எடையைத் தவிர வேறு அழுத்தம் தராமல், மையத்திலிருந்து வெளியே ஒரு சுற்று. அசிட்டோன் கூடவே கூடாது. லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், வெளுத்துவிடும்.

பழையபெட்டி:

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிளேயரில் நோய் வேறு. தட்டைப் போட்டால் லென்ஸ் மேலும் கீழும் சிலமுறை அசைகிறது. தட்டு சுழல்வதே இல்லை. "தட்டு இல்லை" என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தொடக்கத்தில் மறுபடி எழுதக்கூடிய தட்டுகளை மட்டும் ஏற்க மறுத்தது, பிறகு எழுதிய தட்டுகளை, இப்போது எதையும் ஏற்பதில்லை. லென்ஸைத் துடைத்துவிட்டேன். பலனில்லை.

ஒளிக்கற்றை:

நீங்கள் சொன்ன வரிசையே நிறையச் சொல்கிறது. அச்சுத் தட்டு தன் மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். மறுபடி எழுதக்கூடிய தட்டு 15 முதல் 25 சதவீதம்தான். நல்ல நிலையில் இருந்த பழைய பிளேயர்கள்கூட அதைப் படிக்காததுண்டு. எழுதிய தட்டு அச்சுத் தட்டைவிடச் சற்றுக் குறைவு. கையில் இருக்கும் ஒளி குறையக் குறைய, இதே வரிசையில்தான் ஒவ்வொன்றாகக் கைநழுவும்.

லென்ஸ் அசைவதால் குவியச் சுருளும் அதை ஓட்டும் சுற்றும் நலம். தேடும் அந்தச் சில நொடிகளில், ஒரு முழத் தொலைவில் பக்கவாட்டிலிருந்து, லென்ஸில் மங்கிய சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று கைபேசிக் கேமராவில் பாருங்கள். பல கைபேசிகளின் முன்பக்கக் கேமரா அகச்சிவப்பை நன்றாகக் காட்டும். ஆனால் புள்ளி தெரிந்தால் லேசர் எரிகிறது என்று மட்டுமே பொருள். போதுமான வலுவோடு எரிகிறது என்று பொருளல்ல.

பற்றாசு:

வலுவை அளக்க மல்டிமீட்டர் போதும். பல பிக்கப்களின் ஸ்டிக்கரில் அந்தப் பிக்கப்புக்கு உரிய லேசர் மின்னோட்டம் அச்சாகியிருக்கும். லேசருக்குப் போகும் வழியில் தொடர் இணைப்பில் ஒரு சிறிய மின்தடை இருக்கும். சர்வீஸ் கையேட்டில் அதன் இடம் குறித்திருக்கும். குவியத்தைத் தேடும் நொடிகளில் அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து, மின்தடை அளவால் வகுங்கள். 22 ஓம் தடையில் 1.1 வோல்ட் என்றால் 50 மில்லி ஆம்பியர். ஸ்டிக்கரில் உள்ளதைவிடப் பத்து சதவீதம் வரை கூடுதலாக இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டி வெகுவாக ஏறியிருந்தால் டையோடு முதுமையில் திணறுகிறது.

இசைவிரும்பி:

கிரீஸ் வேலை முடிந்தது. பல்லிடுக்கில் நீங்கள் சொன்ன துணுக்கு இருந்தது. மரப் பற்குச்சியால் எடுத்தேன். இப்போது 74 நிமிடத் தட்டு ஒன்று கடைசிப் பாடல் வரை ஒருமுறைகூடத் திக்காமல் ஓடியது. பற்சக்கரப் புள்ளி வெளி ஓரத்திலும் சிறு சிறு அசைவாகவே நகர்கிறது. பிக்கப்பையும் பிரிசெட்டையும் தொடவில்லை. பற்றாசு, ஒளிக்கற்றை இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திருகாணி அவர்கள் கேட்ட கேள்வியாலும் நிறையக் கற்றேன்.

பழையபெட்டி:

அளந்துவிட்டேன். ஸ்டிக்கரில் இருப்பது 48 மில்லி ஆம்பியர். என் பிளேயரிலும் 22 ஓம் தடைதான். மீட்டர் 1.65 வோல்ட் காட்டுகிறது. அதாவது 75. சிவப்புப் புள்ளியும் மிக மங்கல். மாற்றத்தான் வேண்டும் என்று புரிகிறது. புதிய பிக்கப் வந்ததும் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பற்றாசு:

ஆம், இந்த நிலையில் பிரிசெட்டைத் திருப்புவது எஞ்சியதையும் எரித்துவிடும். மாற்றுவதே சரி.

லேசர் டையோடு நிலைமின்சாரத்தில் நொடியில் செத்துவிடும். அதைக் காக்கப் புதிய பிக்கப்பின் சிறு சர்க்யூட் போர்டில் இரண்டு புள்ளிகளை ஒரு துளி ஈயத்தால் இணைத்து அனுப்புவார்கள். அந்த இணைப்பு இருக்கும்வரை லேசர் எரியாது. அதைக் கவனிக்காமல் பூட்டிவிட்டு, "புதிய பிக்கப்பும் பழுது" என்று திருப்பி அனுப்பியவர்கள் பலர். வரிசை முக்கியம். மணிக்கட்டில் நிலைமின் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிக்கப்பைப் பூட்டுங்கள். ரிப்பன் கேபிளைச் செருகுங்கள். அதற்குப் பிறகுதான், தரையிணைப்பு உள்ள சாலிடரிங் அயர்னால் அந்த ஈயத் துளியை எடுக்க வேண்டும். பழைய பிக்கப்பைக் கழற்றும்போதும் மறுபுறத் தண்டைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை எங்கே இருந்தது என்று படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதியதோடு சில நேரம் அது வராது.